பெட்டர்-ஆஃப் கணக்கு: பிரிட்டனின் தனித்தாய்மாரும் குறைகூலி வேலையும்

பிரிட்டனில் நலவுரிமை ஆலோசகர் என்பவர், அரசின் உதவித்தொகைகளில் எது யாருக்கு உரியது, எவ்வளவு உரியது, மறுக்கப்பட்டால் எங்கே முறையிடுவது என்பதைக் கட்டணமின்றி எடுத்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவர். 1939 இல் தொடங்கிய சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களிலும், கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றங்களிலும், வீட்டுவசதிச் சங்கங்களிலும், சிறிய சமூக அமைப்புகளிலும் இத்தொழிலைச் செய்வோர் இருக்கின்றனர். 1965 இல் உருவான சைல்ட் பாவர்ட்டி ஆக்‌ஷன் குரூப் ஆண்டுதோறும் வெளியிடும் தடித்த கைநூல் இவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். இவர்களின் வேலைகளில் எளியதாகத் தொடங்கிக் கடினமாக முடிவது 'பெட்டர்-ஆஃப் கணக்கு' எனப்படும் ஒப்பீடு. உதவித்தொகையில் மட்டும் இருந்தால் ஒரு குடும்பத்தின் கைக்கு மாதம் எவ்வளவு வரும், இன்ன வேலையை இத்தனை மணி செய்தால் எவ்வளவு வரும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதைத் தாளில் எழுதிக் காட்டுவதே அது. ஒற்றைப் பெற்றோரை வேலைக்கு அனுப்பும் நோக்குடன் 1998 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த 'நியூ டீல்' திட்டத்துக்குப் பிறகு, அரசின் வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப்சென்டரும் இதே கணக்கைத் தன் பக்கத்திலிருந்து போடத் தொடங்கியது.

இக்கணக்கைக் கேட்டு வருவோரில் பெரும்பாலோர் பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர்கள். பிரிட்டனில் ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள் சுமார் 30 லட்சம்; அவற்றில் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்டவை தாய்மார் நடத்துபவை என்பதால் இக்கட்டுரை தாய் என்றே பேசுகிறது. இணையர் இருவர் உள்ள வீட்டில் ஒருவர் உழைக்க மற்றவர் பிள்ளையைப் பார்க்கலாம். தனித்தாயின் வீட்டில் இரண்டுக்கும் இருப்பது ஒரே ஆளின் நேரம். ஆகவே அவருடைய கணக்கில் பணம் ஒரு பத்தியாகவும் நேரம் இன்னொரு பத்தியாகவும் எழுதப்பட வேண்டும். பண வேறுபாட்டை மட்டும் சொல்லி அனுப்பும் ஆலோசகர் பாதிக் கணக்கையே கொடுத்தனுப்புகிறார்.

வேலையும் உதவித்தொகையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் மிகப் பழையது. 1834 இன் ஏழைகள் சட்டத் திருத்தம், உதவி பெறுபவரின் நிலை தன் உழைப்பில் வாழும் மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையைவிடக் கீழேயே இருக்க வேண்டும் என்ற கொள்கையின் மேல் எழுப்பப்பட்டது. வேலையில்லாதவருக்குத் தரும் தொகை அவர் வழக்கமாக ஈட்டிய கூலியைத் தாண்டாதபடி வெட்டும் 'வேஜ் ஸ்டாப்' என்ற விதி 1935 முதல் 1975 வரை நீடித்தபோது அதே கொள்கைதான் வேறு உடையில் வந்தது. பிள்ளைகள் உள்ள குறைகூலித் தொழிலாளருக்கு மேல்தொகை தரும் குடும்ப வருமானத் துணைத்தொகை 1971 இல் வந்ததும் புதிய சிக்கல் ஒன்று வெளிப்பட்டது. கூலி ஒரு பவுண்டு உயர்ந்தால் அந்தத் துணைத்தொகையில் பாதிப் பவுண்டு குறையும், வரி ஒரு பங்கை எடுக்கும், வாடகைத் தள்ளுபடி சுருங்கும், பிள்ளையின் இலவசப் பள்ளி உணவும் போய்விடக்கூடும். எல்லாம் சேர்ந்து, உயர்ந்த பவுண்டைவிட இழந்தது கூடுதலாகிவிடும். ஃப்ராங்க் ஃபீல்டும் டேவிட் பியாஷோவும் அவ்வாண்டே இதை 'வறுமைப் பொறி' என்று பெயரிட்டு எழுதினர். ஆலோசகர்கள் இன்றும் அப்பெயரையே சொல்கின்றனர்.

இன்றைய அமைப்பில் அந்தப் பழைய எதிர்நிலை அப்படியே பொருந்தாது. 2012 இன் சட்டத்தால் உருவாகி 2013 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த யூனிவர்சல் கிரெடிட், அதற்கு முன்பிருந்த ஆறு உதவித்தொகைகளை ஒன்றாக்கியது. வேலையில்லாதவர், குறைவாக ஈட்டுபவர் ஆகிய இருவருக்கும் அதே தொகை, அதே கணக்கு. குறைகூலி வேலையிலுள்ள தனித்தாயும் பெரும்பாலும் யூனிவர்சல் கிரெடிட் பெறுபவராகவே தொடர்கிறார். எனவே வேலைக்குப் போவதா, பெனிபிட்டில் இருப்பதா என்று கேட்டு வருபவரிடம் ஆலோசகர் முதலில் விளக்க வேண்டியது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை பெரும்பாலும் இல்லை என்பதையும், உண்மையில் தீர்மானிக்க வேண்டியவை எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில், எந்தத் தேதியில் வரும் சம்பளத்துக்கு என்பவையே என்பதையும்தான்.

கணக்கு போடும் முறையை ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் வழியே, 2025–26 நிதியாண்டின் விகிதங்களைக் கொண்டு காணலாம்; இனி வரும் தொகைகளும் அவ்வாண்டினவே. லண்டனுக்கு வெளியே, மாதம் 600 பவுண்டு வாடகையில் வீட்டுவசதிச் சங்கத்தின் வீட்டில் வாழும், 25 வயதைத் தாண்டிய தாய். பிள்ளைகளுக்கு வயது 7, 3. வேலை இல்லாதபோது யூனிவர்சல் கிரெடிட்டில் அவருக்குரிய அடிப்படைத் தொகை 400.14 பவுண்டு, பிள்ளைகளுக்குரியது தலைக்கு 292.81 ஆக 585.62, வாடகைக்குரியது 600, மொத்தம் 1,585.76. இதனுடன் பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிபிட் மாதக் கணக்கில் சுமார் 187.63 பவுண்டு சேர்ந்து 1,773 ஆகும். வாடகை போக மீதம் 1,173. மூவர் சாப்பாடு, மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, உடுப்பு, உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸில் தாம் கட்ட வேண்டிய பங்கு என அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

இந்தத் தாய் வாரம் 16 மணி நேரம், 21 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12.21 பவுண்டில் வேலை செய்தால் மாதம் 846.56 வரும், அந்த அளவுக்கு வருமான வரியும் தேசியக் காப்பீடும் இல்லை. பிள்ளை உள்ளவர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதி யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் கண்டுகொள்ளாமல் விடப்படுகிறது; அந்த விலக்குத் தொகை, வாடகைக்கும் உதவி பெறுபவருக்கு 411 பவுண்டு. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் கழிக்கப்படும். இக்கழிவு வீதம் முதலில் 65 சதவீதமாக இருந்து 2017 இல் 63 ஆகவும், 2021 இன் இறுதியில் 55 ஆகவும் குறைந்தது. ஆக, இத்தாயின் யூனிவர்சல் கிரெடிட் 239.56 குறையும், கைக்குக் கூடுவது சரியாக 607 பவுண்டு. உழைத்த மணிகளால் வகுத்தால் மணிக்கு 8.75.

இதே தாய் 30 மணிக்கு உயர்ந்தால் மொத்தச் சம்பளம் மாதம் 1,587.30, வரியும் காப்பீடும் போக 1,436.16, யூனிவர்சல் கிரெடிட் 563.84 குறையும், வேலையில்லா நிலையைவிடக் கூடுவது 872.32. பதினாறிலிருந்து முப்பதுக்குப் போவதால் கூடுவது 265 பவுண்டு மட்டுமே. கூட்டி உழைத்த வாரம் 14 மணி நேரத்துக்கு வகுத்தால், 12.21 பவுண்டு கூலியில் கையில் நிற்பது மணிக்கு 4.37. வேலை லாபமா என்ற பொதுக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்வதைவிட, எத்தனையாவது மணி வரை எவ்வளவு லாபம் என்று பிரித்துக் காட்டுவதே இத்தொழிலின் பயன். முதல் 16 மணியின் மதிப்பும் அடுத்த 14 மணியின் மதிப்பும் ஒன்றல்ல என்பதைத் தாளில் கண்டதும், அந்த 14 மணி நேரத்தை வீட்டில் வைத்துக்கொள்வதா விற்பதா என்பதைத் தாயே தெளிவாக முடிவு செய்கிறார். அதைச் சோம்பல் என்று படிப்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

கழிவு வீதத்தோடு கணக்கு முடிந்துவிட்டால் தொழில் எளிதாக இருக்கும். உண்மையில் 55 சதவீதச் சரிவின் ஓரத்தில், ஒரு பவுண்டு கூடினாலே ஒரு சலுகை முழுவதும் விழுந்துபோகும் விளிம்புகள் பல உள்ளன. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு தொகையில் நிற்கின்றன. இலவசப் பள்ளி உணவுக்கு நிகரச் சம்பளம் ஆண்டுக்கு 7,400 பவுண்டு, அதாவது மாதம் சுமார் 616 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இங்கிலாந்தில் 2018 இல் வந்தது. 16 மணி வேலையே அதைத் தாண்டிவிடுகிறது. நான்கு முதல் ஏழு வயது வரையான முதல் மூன்று வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு இலவசம் என்பதால், தாய் வேலையில் சேரும் ஆண்டில் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று கேட்காமல் இந்த வரியை நிரப்ப முடியாது. 7 வயதுப் பிள்ளை நான்காம் ஆண்டாகிய மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டால், நாளுக்கு 2.50 பவுண்டு என்றே வைத்தாலும் 190 பள்ளி நாட்களுக்கு 475 பவுண்டு செலவு வந்துவிடும். தாய் தமக்கு மருந்துச் சீட்டில் வாங்கும் மருந்து ஒவ்வொன்றுக்கும் 9.90 பவுண்டு கட்ட வேண்டியதில்லை என்ற சலுகை, பிள்ளை உள்ளவர்களுக்கு 935 பவுண்டுச் சம்பளத்தில் முடிகிறது. ஜாப்சென்டரின் நெருக்கமான கண்காணிப்பிலிருந்து விடுபட மாதம் 952 பவுண்டு ஈட்ட வேண்டும். ஆகவே 16 மணி வேலை செய்பவரை, வேலையில் இருக்கும்போதே, இன்னும் வேலை தேடச் சொல்லி அழைக்கலாம். 2026 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் பெறும் வீடுகள் அனைத்துக்கும் பள்ளி உணவு இலவசம் என்ற அரசின் அறிவிப்பு, இவ்விளிம்புகளில் மிகக் கூர்மையானதை மழுங்கச் செய்வது.

கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடி இவை எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது. 2013 வரை நாடு முழுவதற்கும் ஒரே விதியாக இருந்ததை இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலின் கையிலும் விட்டுவிட்டதால் இன்று சுமார் 300 கவுன்சில்களுக்குத் தனித்தனித் திட்டங்கள். வருமானம் கூடும்போது பவுண்டுக்கு 20 பென்ஸ் கழிப்பது பலவற்றில் வழக்கம்; வேறு சில, வருமானத்தைப் படிகளாகப் பிரித்து, படி மாறும்போது மொத்தமாக வெட்டுகின்றன. தெருவின் ஒரு பக்கம் ஒரு கவுன்சில், மறுபக்கம் இன்னொன்று என்றிருக்கும் இடங்களில், ஒரே கூலிக்கு ஒரே வாடகையில் வாழும் இரு தாய்மாருக்கு இரு வேறு விடைகள் வரும்.

பிள்ளைப் பராமரிப்புச் செலவு இக்கணக்கின் இதயம். யூனிவர்சல் கிரெடிட், பதிவுபெற்ற பராமரிப்பாளருக்குக் கொடுத்த கட்டணத்தில் 85 சதவீதத்தை, ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 1,768.94 என்ற உச்சத்துக்குள், தாய்க்குத் திருப்பித் தருகிறது. திருப்பித் தருகிறது என்ற சொல்லில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. நர்சரி முன்பணம் கேட்கும். தாய் முதலில் கட்டி, ரசீதை இணையக் கணக்கில் ஏற்றி, அந்த மாதக் கணக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டும். கையில் ஒரு மாதக் கட்டணம் இல்லாதவரால் 85 சதவீத உதவியைத் தொடக்கூட முடிவதில்லை. இம்முறை பாகுபாடானது என்று தனித்தாய் ஒருவர் தொடுத்த வழக்கில் 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கில் கிடைக்காதது 2023 ஜூனில் நிர்வாக மாற்றமாக வந்தது: வேலையில் சேர்பவருக்கும் மணி நேரத்தைக் கூட்டுபவருக்கும் முதல் கட்டணத்தை முன்னதாகவே கொடுக்கலாம் என்றானது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொல்வதற்காகவே ஓர் ஆலோசகர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தாலும் அந்த நாள் வீணாகாது.

இங்கிலாந்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு 2025 செப்டம்பர் முதல் 9 மாதக் குழந்தையிலிருந்து வாரம் 30 மணி நேரப் பராமரிப்பை அரசே ஏற்கிறது, பெரிய உதவி. அது ஆண்டுக்கு 38 வாரங்களுக்கு அளந்து தரப்படுவது. பள்ளி விடுமுறை ஆண்டுக்கு ஏறத்தாழ 13 வாரம். தொழிலாளருக்குச் சட்டம் தரும் ஊதிய விடுப்பு 5.6 வாரம். இடையில் ஏழு வாரத்துக்கும் மேலாகப் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்குச் சராசரிக் கணக்கில் விடை கிடையாது. விடுமுறைக் காலப் பராமரிப்பு மையங்களின் கட்டணத்தை ஆண்டு முழுவதற்கும் பரப்பி எழுதினால் மாதத்துக்குச் சிறிய தொகையாகத் தெரியும். ஆகஸ்ட் மாதத்தில் அது ஒரே மாதத்தில் வந்து விழும். அனுபவமுள்ள ஆலோசகர் ஆகஸ்டுக்கென்று தனித் தாள் போடுகிறார்.

இங்கே சட்டத்தின் எதிர்பார்ப்பு எப்படி மாறி வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2008 வரை கடைசிப் பிள்ளைக்கு 16 வயது ஆகும்வரை தனித்தாய் வேலை தேடக் கட்டாயம் இல்லை. அந்த வயது 2008 இல் 12 ஆகவும், 2009 இல் 10 ஆகவும், 2010 இல் 7 ஆகவும், 2012 இல் 5 ஆகவும், 2017 இல் 3 ஆகவும் இறங்கியது. 2023 அக்டோபர் முதல் 3 வயதுப் பிள்ளை உள்ளவரிடமும் வாரம் 30 மணி நேரம் வரை எதிர்பார்க்கலாம். 1997 இல் பாதிக்கும் குறைவாக இருந்த தனிப்பெற்றோர் வேலைவாய்ப்பு, பின்னர் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு உயர்ந்தது உண்மை. அதில் கட்டாயத்தின் பங்கைவிட, கூலியோடு சேர்த்துத் தரப்பட்ட வரிச்சலுகைத் தொகைகளும் பராமரிப்பு வசதிகளும் ஆற்றிய பங்கை மறப்பது நியாயமாகாது. 3 வயதுக் குழந்தையின் தாயிடம் 30 மணி கேட்பது, மணிக்கு 4.37 பவுண்டுக்காக அவருடைய மாலை நேரங்களைக் கேட்பதாகும். பராமரிப்புப் பொறுப்போடு பொருந்தும் அளவுக்கு மணிகளைக் குறைக்க விதிகளில் இடமுண்டு என்பதை, ஜாப்சென்டரில் தாய்க்கு ஒதுக்கப்பட்ட வொர்க் கோச் எனும் அலுவலரிடம் எழுத்தில் கேட்கும்படி ஆலோசகர் சொல்லித்தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டது எங்கும் பதிவாவதில்லை.

பணம் எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது பெரிதாகும் இடம் சம்பளத் தேதி. யூனிவர்சல் கிரெடிட், தாய் விண்ணப்பித்த தேதியிலிருந்து எண்ணப்படும் ஒவ்வொரு மாதத்தையும் மதிப்பீட்டுக் காலமாகக் கொண்டு, அக்காலத்துக்குள் வந்த சம்பளத்தை அப்படியே கணக்கில் எடுக்கிறது. கடைகளும் பராமரிப்பு நிறுவனங்களும் துப்புரவு ஒப்பந்தக்காரர்களும் பெரும்பாலும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தருபவர்கள்; ஆண்டுக்கு 13 சம்பளம், ஆனால் 12 மதிப்பீட்டுக் காலம். ஆகவே ஆண்டில் ஒரு காலத்தில் இரு சம்பளங்கள் விழும். எடுத்துக்காட்டுத் தாய்க்கு நான்கு வாரச் சம்பளம் 781.44, வழக்கமான மாதத்தில் அவருடைய யூனிவர்சல் கிரெடிட் சுமார் 1,382 பவுண்டு. இரு சம்பளம் விழுந்த மாதத்துக்கு அது 952 ஆகச் சரியும். ஆண்டு மொத்தத்தில் அவருக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் வாடகை ஆண்டு மொத்தத்தில் கட்டப்படுவதில்லை. மாதச் சம்பளம் வாங்கும் தனித்தாய்மார் நால்வர், வங்கி விடுமுறையால் சம்பளம் முன்னதாக வந்தபோது இவ்வாறு இரட்டைக் கணக்கு போடப்பட்டதை எதிர்த்து 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். அதன் பின் மாதச் சம்பளக்காரர்களுக்கு விதி திருத்தப்பட்டது. நான்கு வாரச் சம்பளத்துக்கு அத்திருத்தம் எட்டவில்லை.

நான்கு வாரச் சம்பளம் இன்னொரு இடத்திலும் அடிக்கிறது. வேலையில்லாத குடும்பம் பெறும் மொத்த உதவிக்கு 2013 இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு, 2023 ஏப்ரல் முதல் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு லண்டனில் ஆண்டுக்கு 25,323 பவுண்டு, வெளியே 22,020. குறைந்தபட்சக் கூலியில் 16 மணிச் சம்பளமான மாதம் 846 பவுண்டை ஈட்டினால் இவ்வரம்பு நீங்கும். மேலே கண்ட நான்கு வாரச் சம்பளமோ 781.44. அதாவது 16 மணி உழைத்தும், சம்பளம் வரும் முறையால் மட்டும், ஆண்டில் ஒரு மாதம் தவிர மற்ற மாதங்களில் இத்தாய் உழைக்காதவராகவே எண்ணப்படுகிறார். இதே நிலையிலிருந்த தனித்தாய் ஒருவருக்கு 2020 இல் உயர் நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2021 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. ஆகவே ஆலோசகர்கள் இன்று கொடுக்கும் அறிவுரை சட்டநயம் இல்லாத, ஆனால் பயனுள்ள ஒன்று: சம்பளத்தை மாதக் கணக்குக்கு மாற்ற முடியுமா என்று முதலாளியிடம் கேட்பது, முடியாவிட்டால் வாரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கூட்டிக் கேட்பது.

லண்டனில் இவ்வுச்சவரம்பு கணக்கின் தோற்றத்தையே மாற்றிவிடும். வாடகைக்குரிய தொகை 600 க்குப் பதில் 1,300 என்று வைத்தால், அதே குடும்பத்துக்குக் கணக்குப்படி வர வேண்டியது சைல்ட் பெனிபிட் உட்பட 2,473. வரம்பு அனுமதிப்பது மாதம் 2,110. வெட்டு 363 பவுண்டு. இத்தாய் 16 மணி வேலையில் சேர்ந்தால் 607 உடன் இந்த 363 உம் திரும்பிவர, லாபம் 970 ஆகத் தெரியும். இதைக் காட்டி, வேலை எவ்வளவு பயன் தருகிறது பாருங்கள் என்று சொல்வது சரியல்ல. கூலி ஒரு பென்ஸ்கூட உயரவில்லை. வேலையில்லா வீட்டின் வாடகையிலிருந்து வெட்டப்பட்டதுதான் திரும்பியது. 1834 இன் கொள்கை இன்றும் உயிரோடிருக்கும் இடம் இது. இரு பிள்ளைகளுக்கு மேல் பிள்ளைத் தொகை இல்லை என்று 2017 இல் வந்த விதியும் அதே இனம். அதை 2026 ஏப்ரலிலிருந்து நீக்குவதாக 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது.

கணக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பதில் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இத்தொழிலுக்குப் பாடமானது. கேத்ரின் ஈடினும் லாரா லெய்னும் சிகாகோ, பாஸ்டன், சான் ஆன்டோனியோ, சார்ல்ஸ்டன் ஆகிய நகரங்களில் 379 தனித்தாய்மாரிடம் பேசி 1997 இல் வெளியிட்ட நூலுக்காக, வருமானத்தைக் கேட்பதற்குப் பதில் மாதச் செலவை ஒவ்வொன்றாக எழுதி வாங்கினர். அங்கு உதவித்தொகை செலவின் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை மட்டுமே ஈடுசெய்தது. குறைகூலி வேலைக்குப் போனவர்களுக்கும் பற்றாக்குறை தீரவில்லை, ஏனெனில் பயணம், பிள்ளைப் பராமரிப்பு, மருத்துவம், உடுப்பு ஆகியவற்றின் செலவு கூலியோடு கூடவே ஏறியது. பிரிட்டனின் அமைப்பு வேறு, மருத்துவம் இலவசம். ஆனால் பஸ் பாஸ், வேலைக்கேற்ற காலணி, சமைக்க நேரமில்லாத இரவுகளின் உணவு என்பவை எந்தக் கணினிக் கணக்கிலும் தாமாக வருவதில்லை. தாயிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

தாய்க்கு லாபமான விவரங்களும் கேட்டால்தான் வெளிவரும். ஓய்வூதியச் சேமிப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகையைக் கழித்த பின்னரே யூனிவர்சல் கிரெடிட் கணக்கிடப்படுவதால், 16 மணி வேலையில் மாதம் சுமார் 16 பவுண்டு பிடித்தாலும் கைக்கு உண்மையில் குறைவது ஏழு பவுண்டு சொச்சமே. விலகிக்கொள்ள நினைப்பவர்கள் இதைக் கண்டதும் பெரும்பாலும் மனம் மாறுகின்றனர். பிரிந்த கணவர் பிள்ளைகளுக்குத் தரும் பராமரிப்புத் தொகை ஒரு பென்ஸ்கூடக் கழிக்கப்படுவதில்லை என்பதை அறியாமல் அதைக் கேட்காமலே விட்டவர்கள் உண்டு.

ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் போன்ற தமிழர் கூடி வாழும் பகுதிகளில் இக்கணக்குக்கு முன்னால் வேறு சில கேள்விகள் கேட்கப்பட வேண்டும். முதலாவது விசா. தொழில் விசாவிலோ துணைவர் விசாவிலோ இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பொது நிதியிலிருந்து உதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிபிட் இரண்டும் அதில் அடங்கும். தெரியாமல் விண்ணப்பித்தால் விசாவுக்கே ஆபத்து. துணைவர் விசாவில் வந்து குடும்ப வன்முறையால் பிரிந்த பெண் மூன்று மாத இடைக்காலச் சலுகைக்கு விண்ணப்பித்து அக்காலத்தில் உதவி பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததால் வன்முறை உள்ள வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். இரண்டாவது சீட்டு. எடுத்துக் கையில் வந்த சீட்டுப் பணம் மூலதனமாகும். 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு 250 க்கும் மாதம் 4.35 கழியும், 16,000 ஐத் தாண்டினால் உரிமையே இல்லை. அணிந்துகொள்ளும் தாலிக்கொடியும் காப்பும் சொந்த உடைமைகளாதலால் கணக்கில் வராது என்று சொன்னதும் முகங்கள் தெளிவதைக் காணலாம். மூன்றாவது, பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மா. பேரப்பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கும் அம்மம்மாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு 85 சதவீதம் கிடைக்காது. ஆயினும் அதிகாலை ஐந்து மணித் துப்புரவு வேலைக்கும் இரவு பத்து மணிக் கடை வேலைக்கும் எந்த நர்சரியும் திறந்திராது என்பதால் அந்த வேலைகளெல்லாம் அம்மம்மா இருக்கும் வீடுகளுக்கே சாத்தியமாகின்றன. இத்தாய்மார் ஆலோசகரிடம் மிகுதியாகக் கேட்பது எவ்வளவு என்பதல்ல, "காசு எப்ப விழும்?" என்பதுதான்.

ஆகவே வேலையில் சேரும் முன் போடும் கணக்கோடு பணி முடிவதில்லை. முதல் மதிப்பீட்டுக் காலம் முடிந்ததும் சம்பளச் சீட்டையும் யூனிவர்சல் கிரெடிட் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டாவது சந்திப்பை இப்போதே குறித்துவிட வேண்டும். முதலாளி வரித்துறைக்கு அனுப்பும் சம்பள விவரமே நேரடியாக உதவித்தொகைக் கணக்கில் ஏறுகிறது; அவர் தவறான தேதியிலோ இருமுறையோ அனுப்பினால் அந்தத் தவறு தாயின் வாடகையில் விழும். வேலையின் முதல் மாதத்தில் நர்சரி ரசீதை ஏற்ற மறந்தவர்களும், ஏற்றியும் அலுவலகம் நிராகரித்ததைக் கவனியாதவர்களும் பலர். முன்பணமாக வாங்கியிருந்த தொகைக்கான பிடிப்பு இருந்தால், கடன் பிடிப்புகள் பொதுவாக அடிப்படைத் தொகையின் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2025 ஏப்ரல் இறுதியில் வந்த வரம்பு காக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அறிக்கை தவறென்று கண்டால், முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அக்கடிதத்தைச் சம்பளச் சீட்டின் நகலோடு அன்றே இணையக் கணக்கில் ஏற்றி, ஏற்றிய தேதியைத் தாயின் கைத்தாளிலும் எழுதிக் கொடுத்தே அனுப்ப வேண்டும்.